விலகிவிட்டதாக ஒரு காகிதம்

சேகர்,

உன் கார்டு கிடைத்து நாலு நாளாகிறது. நலம் விசாரிப்பதெல்லாம் உன் அம்மா பங்கு. உடம்பைப் பார்த்துக்கொள், எண்ணெய் தேய்த்துக் குளி, மீன்பிடி லாஞ்சில் முன்பக்கம் போய் நிற்காதே என்று மூன்றையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். கார்டின் அடியில் இடம் போதாமல் நுணுக்கி எழுதியிருந்தாயே, "நைனா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் கேக்கறாரு, உன் பேருக்கு முன்னாடி ஹவில்தார்னு போடறதா, நாயப் சுபேதார்னு போடறதா, சீக்கிரம் சொல்லு" என்று. அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்து போய்விட்டேன். ஒரு தடவை ஏரிக்கரை வரைக்கும் போய், நன்றாகக் கட்டியிருந்த தோணியை அவிழ்த்து மறுபடியும் அதே இடத்தில் கட்டிவிட்டு வந்தேன். "இன்னா, காலுல சக்கரமா கட்டிக்கினு கீற? ஒரு எடத்துல குந்தேன்" என்று உன் அம்மா சத்தம் போட்ட பிறகு இப்போது நாலாவது தடவையாக உட்கார்ந்திருக்கிறேன்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எதையும் போடாதே. என் பெயரை மட்டும் போடு. நீ விடமாட்டாய், ஏன் என்று கேட்பாய். கேட்க வேண்டியவன்தான். பத்து வருஷத்துக்கு மேலாக நான் அந்த நாயப் சுபேதார் பதவிக்காக மனு மேல் மனு போட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். லாஞ்சில் வைத்துப் படிக்காதே, நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அறைக்குப் போய்ப் படி.

நான் இருந்தது முழுநேரப் பட்டாளம் இல்லை, டெரிடோரியல் ஆர்மி என்பது உனக்குத் தெரியும். வருஷத்தில் ஒன்றிரண்டு மாதம் முகாம். அந்த நாட்களுக்கு மட்டும் சம்பளம். மற்ற நாளெல்லாம் வீடு, வலை, ஏரி. போர் வந்து கூப்பிட்டால் கிளம்ப வேண்டும். இதில் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாடு உரிமையும் இல்லை. கல்யாணம் ஆன பிறகுதான் நம் குப்பத்தில் ஒருவனைத் தனித் தலைக்கட்டாக எடுத்துக்கொண்டு பாடு பட்டியலில் பெயர் எழுதுவார்கள். ஏரியில் இறால் விழுகிற இடம் எல்லாருக்கும் எல்லா நாளும் கிடையாது. பட்டியலில் இருக்கிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு நீ, நாளைக்கு அவன் என்று முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பது ஊர். அந்த முறைதான் பாடு. இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் மண்டைக்குள் ஓடுகிற ஓட்டம் கொஞ்சம் அடங்குகிறது.

ஊர்க் கட்டுப்பாடு ஒன்று உண்டு. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பாடு கிடையாது. சில வருஷம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நீ இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்த வருஷம், ஏரியில் இறால் குறைந்து எல்லாருக்கும் வயிறு காய்ந்தபோது கேட்டார்கள். சீட்டுப் போடும் கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, "ரெண்டு மாசம் பட்டாளத்துல துட்டு, மிச்ச நாளு ஏரியில பாடு. இது இன்னா நாயம்? நாங்க மட்டும் இன்னா இளிச்சவாயனுங்களா?" என்றார். அதில் தப்பே இல்லை. அப்போதுதான் புதிதாகத் தலைவரான ஏழுமலை, உனக்கு மாமா முறை, மெதுவாகத்தான் சொன்னார். "பட்டாளத்தை உட்டுட்டேன்னு ஒரு காயிதம் கொண்டாந்து காட்டு மச்சான். சீட்டுல உன் பேரைப் போட்டுக்கலாம். இல்லாங்காட்டி இந்த வருசம் உட்டுடு." ஆடி முடிவதற்குள் காகிதம் வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

இங்கேதான் உன் தகப்பன் புத்திசாலித்தனம் வேலை செய்தது. பட்டாளத்தையும் விட மனசில்லை. காக்கியை மாட்டிக்கொண்டு பொன்னேரியில் பஸ் ஏறும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியாது, நான் யாரிடமும் சொன்னதில்லை. பாடு உரிமையையும் விட முடியாது, நீயும் உன் தங்கையும் சாப்பிட வேண்டும். எங்கள் யூனிட் ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார், நல்ல மனுஷர், நான் கொண்டுபோகிற கருவாட்டுக்காக என் மேல் பிரியம் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரிடம் போய், "ஊர்ல காட்டிட்டு கிழிச்சிப் போட்டுடறேன் சார், நானே விலகிக்கினதா ஒரு காயிதம் குடுங்க" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என்னிடமும் ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கினார். சொந்த விருப்பத்தின்பேரில் ஹவில்தார் பதவியிலிருந்து விலகிவிட்டதாக, ஆடி மாதத் தேதி போட்டு, முத்திரை குத்தி அழகாக அடித்துக் கொடுத்தார். அடிக்கிறபோது வழக்கம்போல கார்பன் வைத்து அடித்தார். அந்த நகல் என் கோப்புக்குள் போனதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நான் ஊரில் காட்டினேன். தலைவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். சீட்டில் என் பெயர் ஏறியது. அந்த வருஷம் நமக்கு விழுந்த முறை நல்ல முறை, அது வேறு.

புரட்டாசியில் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். கிழக்கே போர் வரப்போகிறது என்று ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்த வருஷம். ஊரில், விலகின ஆளைக்கூட நாட்டுக்காகத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டு பஸ் ஏறும் இடத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையையும் நான் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஐப்பசியில் எனக்கு ஹவில்தாரிலிருந்து நாயப் சுபேதாராகப் பதவி உயர்வு உத்தரவு வந்தது. முப்பது பேரை என் கீழ் விட்டு, வடக்கே ஒரு ரயில் யார்டில் எண்ணெய் டாங்குகளுக்குக் காவல் போட்டார்கள். அந்த முப்பதில் ஒருவன் நம் பழவேற்காட்டுக் காதர். நீ காதர் பாய், காதர் பாய் என்று அவன் கடையே கதியென்று கிடப்பாயே, அதே காதர்தான். போர் தொடங்கின மூன்றாம் நாள், விளக்கையெல்லாம் அணைத்திருந்த யார்டில் வாகன்களைத் தள்ளிச் சேர்க்கும்போது அவன் இடது கால் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. பணியில் இருக்கும்போது நடந்த விபத்து, அவன் மேல் தப்பில்லை என்று அறிக்கை எழுதி, கீழே நாயப் சுபேதார் என்று முதல் தடவையாக என் கையெழுத்தைப் போட்டேன். வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், அவன் அந்தப் பக்கம் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தபோது அந்தக் கையெழுத்தைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

போர் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் எங்களை அனுப்பினார்கள். அதற்கப்புறம் கணக்கு முடித்து வந்த ஓய்வுக் காகிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஹவில்தார். ஆடி மாதமே விலகினவர். போர்க்காலத்தில் தற்காலிகமாகத் திரும்ப அழைக்கப்பட்டவர். விலகினவருக்குப் பதவி உயர்வு பொருந்தாது என்பதால் ஐப்பசி உத்தரவு செல்லாது. ஊரில் நான் அளந்த கதையை ஆபீஸ் அப்படியே எடுத்துப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டது. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது, சேகர். விளங்காதமாதிரி இருந்துகொண்டேன். என் பதவி போனால் என்னோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நாலு மாதத்தில், கால் போனதற்குப் பென்ஷன் கேட்டுக் காதர் போட்டிருந்த விண்ணப்பம் திரும்பி வந்தது. விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிற பெயரில் அன்றைக்கு நாயப் சுபேதார் எவரும் பதிவில் இல்லை, ஆகவே அறிக்கையை ஏற்பதற்கில்லை என்று. அவன் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டையை ஊன்றி, மணலில் புதையப் புதைய நம் வீடு வரைக்கும் நடந்து வந்தான். "அண்ணே, இன்னாண்ணே இது? உன்னையே இல்லைன்றானுங்க" என்றான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு. "ஆபீஸ்ல எவனோ தப்பா எழுதிட்டான் காதரு. மனு போடுவோம்" என்றேன். எனக்கு எழுத்து கோழி கிளறினமாதிரி. காதர் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதனால் என் மனுக்களையெல்லாம் அவனே எழுதினான். கல்லாப் பெட்டி மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு, "எழுத்தரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழையைத் திருத்தி அருள வேண்டும்" என்று நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். எழுதி முடித்ததும் அந்த முகம் தெரியாத எழுத்தரைத் திட்டுவான். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். ஒரு தடவை இரண்டு பேரும் மீஞ்சூர் போய் ரயில் ஏறிப் பட்டணத்தில் ஆபீசுக்கே போனோம். அவனை வாசலில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அங்கே ஒருவர் கோப்பைப் புரட்டி, "இது நீங்களே எழுதிக் கொடுத்த விண்ணப்பம்தானே? இது உங்கள் கையெழுத்துத்தானே?" என்று காட்டினார். வெளியே வந்து, "ஒரு மாசம் கழிச்சி வரச் சொன்னாங்க" என்று காதரிடம் சொன்னேன். திரும்பி வரும்போது ரயிலில் அவன் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான். நானும் தின்றேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நண்டு பிடிக்கப் போனாய். லீவு லெட்டரில் என் கையெழுத்தை நீயே போட்டிருந்தாய். வாத்தியார் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டுக்கு இழுத்து வந்து பெல்டால் அடித்தேன். "பொய்க் காயிதம் குடுக்கறியா? எவன்டா சொல்லிக்குடுத்தான் உனக்கு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். உன் அம்மா குறுக்கே வந்து விழுந்து அவள் மேலும் ஓரடி பட்டது. கிழித்துப் போடுகிறேன் என்று சொல்லிக் கிழிக்காமல் வைத்திருந்த அந்த விலகல் காகிதம் அப்போது என் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. உன் முதுகில் தழும்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்க எனக்கு இத்தனை வருஷமாகத் தைரியம் வரவில்லை. இருக்கிறதா?

கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். வாடைக்காற்று வேறு, காகிதம் நிற்கமாட்டேன் என்கிறது.

போன மாதம் ஆபீசிலிருந்து கடைசியாக ஒரு தாக்கீது வந்தது. உனக்குச் சொல்லவில்லை. யாரோ ஒரு புதிய அதிகாரி எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்திருக்கிறார் போலிருக்கிறது. ஆடியில் விலகினதாகச் சொல்லும் காகிதம் உண்மையா, உண்மையில்லை என்றால் எதற்காக வாங்கப்பட்டது, அதை நம்பின ஊரார் சாட்சியோடு நாற்பத்தைந்து நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் பதவியையும் ஓய்வுத் தேதியையும் திருத்துவது பற்றிப் பரிசீலிக்கலாம், தவறினால் கோப்பு முடிக்கப்படும் என்று எழுதியிருக்கிறார். திருத்தினால் என் கையெழுத்து செல்லும். என் கையெழுத்து செல்லும் என்றால் காதரின் அறிக்கையும் செல்லும். ஆனால் ஊரார் சாட்சி என்றால் ஏழுமலை கையெழுத்து. அவரிடம் போய், அன்றைக்கு நான் காட்டினது பொய் என்று சொல்லாமல் அந்தக் கையெழுத்தை வாங்க முடியாது. பொய் சொல்லிப் பாடு எடுத்த வீட்டுக்கு நம் ஊர் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். கோவிந்தன் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது நீயும் கூட்டத்தில் இருந்தாய். அப்பன் பெயரோடு இரண்டு பிள்ளைகள் பெயரும் போயிற்று. அவர்கள் எண்ணூர்ப் பக்கம் மூட்டை தூக்கப் போனார்கள்.

உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாலி கட்டின கையோடு நீ தலைக்கட்டு, உன் பெயர் பட்டியலில் ஏற வேண்டும். லாஞ்சில் கூலிக்குப் போனது போதும், இனி நம் ஏரியில் என் சொந்த முறையில் வலை போடுவேன் என்று நீ சொல்லிச் சொல்லி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாய். தோணிரேவில் உனக்கு மாமனாராகப் போகிறவரும், "பையனுக்குப் பாடு வருதில்ல, அது போதும்" என்றுதான் பெண்ணைக் கொடுக்கிறார். இதையெல்லாம் உன் அம்மாவிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் அழவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே, "புள்ள பேரு ஏறட்டும். அப்பால போயி ஊருக்குச் சொல்லு. அது வரைக்கும் ஆபீஸ்ல வாய்தா கேளு" என்றாள். நல்ல யோசனை. நான் அதையே இருபது நாள் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அப்போதுதான் உன் கார்டு வந்தது. ஹவில்தாரா, நாயப் சுபேதாரா என்று நீ கேட்டிருந்ததைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. நான் என் பெயரை ஏற்றினமாதிரியே உன் பெயரையும் ஏற்றப் பார்க்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்காவது நான் செய்தது தெரியும். உனக்கு அதுவும் தெரியாமல் போயிருக்கும்.

மறுநாள் காதர் கடைக்குப் போனேன். மத்தியானம், கூட்டமில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன், "எத்தினி மனுண்ணே எழுதினோம்?" என்று கேட்டான்.

"பதினொண்ணு."

"பதினோரு தபா என் கையால எழுத வச்சிக்கினே." அவ்வளவுதான் சொன்னான். ஒரு சின்னப் பிள்ளை கற்பூரம் கேட்டு வந்தது, எடுத்துக் கொடுத்தான். அப்புறம், "இந்த மனுவை நான் எழுத மாட்டேன். நீயே எழுது. உன் எழுத்துலயே போவட்டும்" என்றான். கூப்பிட்டுப் பார்த்தேன், உள்ளே போய்விட்டான். அவன் என்னை மன்னித்தான் என்று நினைக்காதே. நீ ஊருக்கு வந்து கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகும்போது உன்னிடம் நன்றாகத்தான் பேசுவான். என்னிடம் பேசுவானா, தெரியவில்லை.

என் கோழிக் கிளறல் எழுத்தில் நானே எழுதினேன். நாலு பக்கம். அதை எடுத்துக்கொண்டு ஏழுமலை வீட்டுக்குப் போனேன். அவர் படித்துவிட்டு உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தார். "இதுல எழுதிக்கிறது நெசம். நெசத்துக்குக் கையெழுத்துப் போடறேன்" என்று போட்டுக் கொடுத்தார். நான் எழுந்தபோது, "பாடு வெவகாரம் வேற மச்சான். அதை ஊருதான் சொல்லணும். வர ஞாயித்துக்கிழமை கூட்டம். பையனை வரச் சொல்லு, அவனாண்டயே கேப்போம்" என்றார். என்ன கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிடு. உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் கிடையாது, சொல்லும் யோக்கியதையும் இல்லை. ஒன்று மட்டும். கூட்டத்தில் எனக்காக வாதாடாதே. நைனா நாட்டுக்காகப் போனவர், அது இது என்று இழுக்காதே. உனக்குத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல். என் மேல் கோபம் என்றால் கோபம் என்றே சொல், எல்லார் முன்னாடியும் சொல். உன் பெயரை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஊர் தீர்ப்பை நீயே உன் வாயால் கேட்டு வாங்கிக்கொள். பெண் வீட்டுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நான் போய்ச் சொல்வதா, நீ வந்து சொல்வதா என்பதை நீ முடிவு செய். சொல்லாமல் மட்டும் தாலி கட்டாதே.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். மனுவை இனிமேல்தான் அனுப்பப் போகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டு படித்திருப்பாய். இல்லை. நேற்றே பழவேற்காடு தபாலாபீசில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன், ரசீது வாங்கி உன் அம்மாவிடம் கொடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், போகப் போவது உன் பாடு. ஆனால் கேட்டிருந்தால் நீ வேண்டாம் நைனா என்று சொல்லியிருப்பாய். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

உன் நைனா